இமயத்தை எங்கே நின்று பார்ப்பது?

தம்பி முறையுள்ள ஒருவன் போன மாதம் போன் செய்தான். "அண்ணே, எட்டு நாள் லீவு போடலாம்னு இருக்கேன். இமயமலை பாக்கணும். லடாக் போகவா, நேபாளம் போகவா, இல்ல உத்தராகண்டா?" எந்த மாதம் என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல எடத்தச் சொல்லுங்க" என்றான். யாரெல்லாம் வருகிறார்கள் என்று கேட்டேன். மனைவி, ஏழு வயது மகள், அறுபத்தாறு வயது மாமியார். சரி, இது போனில் பேசி முடிகிற விஷயமில்லை என்று அவனுக்கு எழுத உட்கார்ந்தேன். கொஞ்சம் நீண்டுவிட்டது.

கடல் பார்க்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால் எந்தக் கடற்கரை என்பது பெரிய கேள்வியில்லை. எங்கே நின்றாலும் கடல் கடல்தான். மலை அப்படியில்லை. இமயம் ஏறத்தாழ 2,400 கி.மீ. நீளத்துக்கு வில்லாக வளைந்து கிடக்கிறது. நாம் நிற்கிற தூரத்தைப் பொறுத்து அது வேறு வேறு பொருளாக மாறிவிடும். தள்ளி எதிர்முகட்டில் நின்றால் முழு வரிசையும் தெரியும். காலடியில் நடந்தால் மரம், ஓடை, புல்வெளி, பாறை என்று மலையின் உடம்பு தெரியும். கணவாயைத் தாண்டி மறுபக்கம் போனால் மழையே எட்டாத வேறொரு நாடு. ஊர்ப் பெயர்கள் எத்தனை இருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆகவே லடாக்கா நேபாளமா என்பதற்கு முன்னால், எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்க ஆசை என்பதை முடிவு செய்துகொள்வது நல்லது.

"கிட்டப் போனாத்தானே நல்லாத் தெரியும்?" என்று அவன் கேட்டான். எல்லோரும் கேட்பதுதான். அதற்கு நல்ல பதில் எவரெஸ்ட் அடிவார முகாம். 5,364 மீட்டர் உயரத்தில், எட்டு நாள் போல மூச்சு வாங்க நடந்து அங்கே போய்ச் சேர்ந்தால், எவரெஸ்ட் சிகரம் சரியாகத் தெரியாது. முன்னால் நிற்கும் நுப்ட்சே சிகரமும் எவரெஸ்ட்டின் மேற்குத் தோளும் அதை மறைத்துவிடும். சிகரத்தைப் பார்க்க வேண்டுமென்றே பக்கத்திலிருக்கும் காலா பத்தர் மேட்டின் மேல் தனியாக ஏறுகிறார்கள். கோபுரத்தின் அடியில் நின்றுகொண்டு கலசத்தைத் தேடுகிற கதைதான்.

தள்ளி நின்று

எனக்கு இதுதான் பிடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும்.

உத்தராகண்டின் குமாவோன் பகுதியில் கௌசானி என்று ஒரு சிற்றூர், 1,890 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டெல்லியிலிருந்து இரவு ரயிலில் காத்கோதாம் வந்து, அங்கிருந்து காரில் ஐந்தாறு மணி நேரம். 1929இல் காந்தி இங்கே வந்து தங்கி, கீதைக்குத் தன் உரையின் வேலையைச் செய்தார். அவர் தங்கிய இடம் இன்று அனாசக்தி ஆசிரமம். அதன் முற்றத்தில் வடக்கு நோக்கி நின்றால் திரிசூல் (7,120 மீ), நந்தா தேவி (7,816 மீ), பஞ்சசூலி என்று வரிசை கண்ணின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஓடும்.

காலை ஐந்தே முக்கால் மணிக்கு அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் மலை இருப்பதே தெரியாது. பள்ளத்தாக்கில் மூட்டம், அதற்கு மேல் சாம்பல் வானம். பிறகு அந்தச் சாம்பலுக்குள் இன்னொரு சாம்பல், சற்று அழுத்தமாக, விளிம்போடு பிரிந்து வரும். நாம் எதிர்பார்த்ததைவிட மேலே இருக்கும் அது. முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் தாழ்வாகத்தான் தேடுவார்கள். அப்புறம் திரிசூலின் நுனியில் மட்டும் ஒரு பொட்டு வெளிர்சிவப்பு. சில நிமிடங்களுக்கு அது நகராமல் இருப்பதுபோல இருக்கும். நீங்கள் டீ கிளாஸை வாங்கத் திரும்பிவிட்டுப் பார்த்தால் வெளிச்சம் பாதி மலைக்கு இறங்கியிருக்கும், நிறம் மஞ்சளாகியிருக்கும். ஏழரை மணிக்கு எல்லாம் பளீரென்று வெள்ளை. பத்து மணிக்கு மேல் சரிவுகள் சூடாகி ஈரக்காற்று மேலேறும். அங்கங்கே பஞ்சு ஒட்டும். பகல் ஒரு மணிக்கு அங்கே மலை இருந்தது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அளவு என்ன? நேர்கோட்டில் கௌசானிக்கும் திரிசூலுக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். கையை நீட்டி மூன்று விரலைப் படுக்கையாக வைத்தால் மலை அதற்குள் அடங்கிவிடும். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று சிலருக்குத் தோன்றும். நியாயமான கேள்விதான். உயரத்தைக் காட்டி மிரட்டுகிற இடமில்லை அது. அகலத்தைக் காட்டுகிற இடம்.

இதே வகையில் கிழக்கே டார்ஜிலிங்கும் சந்தக்பூவும். டார்ஜிலிங்கின் டைகர் ஹில் விடியலைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள், ஜீப்களின் வரிசையைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள். இருட்டில் நூற்றுக்கணக்கான பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்பது சிலருக்கு உற்சாகம், எனக்கு இல்லை. ஆனால் எதிரே நிற்பது கஞ்சன்ஜங்கா, 8,586 மீட்டர். 1852வரை உலகத்திலேயே உயரமான மலை அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் அந்தத் தவறு நியாயமாகத்தான் படும். அங்கிருந்து எவரெஸ்ட்டும் சிறு பல்லாகத் தெரியும். சற்று முன்னால் நிற்பதால் மகாலு என்ற சிகரம் அதைவிட உயரமாகத் தெரியும் என்பது ஒரு வேடிக்கை. எவரெஸ்ட் என்று மகாலுவைப் படம் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

சந்தக்பூ (3,636 மீ) இன்னும் ஒரு படி மேல். சிங்கலீலா முகட்டின் மேல், இந்திய நேபாள எல்லையிலேயே போகிற பாதை. உலகின் ஐந்து உயரமான சிகரங்களில் நான்கு (எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு) ஒரே இடத்தில் நின்றால் தெரியும். எவரெஸ்ட் சுமார் 140 கி.மீ. தள்ளி இருக்கிறது என்பதால் அது நகக்கண் அளவுதான். கஞ்சன்ஜங்கா குடும்பம் மட்டும் மல்லாந்து படுத்த மனிதர்போல நெற்றி, மூக்கு, வயிறு, பாதம் என்று நீண்டு கிடக்கும். உறங்கும் புத்தர் என்கிறார்கள். ஒருமுறை சொல்லிக்கொடுத்துவிட்டால் பிறகு மலையாகப் பார்க்கவே முடியாது. மானேபஞ்சாங்கிலிருந்து 31 கி.மீ. நடக்கலாம், இரண்டு மூன்று நாள். நடக்க முடியாதவர்கள் வண்டியில் போகலாம். 1950களின் லேண்ட் ரோவர்கள் அந்தக் கற்பாதையில் ஓடிப் பேர் வாங்கியவை. முதுகு பத்திரம். சமவெளியிலிருந்து நேரே வண்டியில் ஏறி அன்றிரவே அங்கே படுக்காதீர்கள், டார்ஜிலிங்கிலோ பக்கத்திலோ ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போங்கள். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை சிங்கலீலா தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள்.

இந்த வகையில் ஒரே ஒரு இடம்தான் பார்க்கலாம் என்றால் நான் கௌசானியையும் சொல்லமாட்டேன், சந்தக்பூவையும் சொல்லமாட்டேன். நேபாளத்தின் போக்ராவைச் சொல்வேன். ஊர் 800 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது, நம் கொடைக்கானலில் பாதிகூட இல்லை. அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் மச்சபுச்சரே, 6,993 மீட்டர். அதன் பின்னால் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். இடையில் மறைக்கும்படி பெரிய முகடுகள் எதுவும் இல்லை. கௌசானியில் மூன்று விரல் என்றேனே, இங்கே நீட்டிய கையின் ஒரு முழு முஷ்டி. இவ்வளவு தாழ்வான இடத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு இவ்வளவு உயரத்தைப் பார்க்கிற வசதி உலகத்தில் வேறெங்கும் சுலபமாகக் கிடைக்காது. தலைவலி கிடையாது, மூச்சுத் திணறல் கிடையாது. விடியலில் சாராங்கோட் மேட்டுக்குப் போனால் ஏரி கீழே, மலை மேலே. இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை போதும். ஆதாரை மட்டும் நம்பிப் போய் நிற்காதீர்கள். குறை ஒன்றுதான். நேபாளத்திலேயே அதிகமாக மழை பெய்கிற பகுதிகளில் அதுவும் ஒன்று. அக்டோபர், நவம்பர் தவிர மற்ற மாதங்களில் மலை வருமா வராதா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

மறுபக்கம்

லடாக்கும் இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கும் இமயமா என்று கேட்டால், இமயத்தின் முதுகு என்று சொல்லலாம். தெற்கிலிருந்து வரும் மழை மேகங்களைப் பெரிய மலைவரிசை பிடித்து வைத்துக்கொள்வதால் லே நகரத்தில் ஒரு வருடத்துக்கு 100 மி.மீ. அளவுக்குத்தான் மழை, பனி எல்லாம் சேர்த்து. மரம் கிடையாது, ஆற்றோரத்தில் நட்டு வளர்த்த பாப்லரும் வில்லோவும் தவிர. மரம் இல்லாததால் மலையின் தோல் உரிந்து உள்ளே இருப்பது தெரிகிறது. பழுப்பு, ஊதா, பச்சை, துருச் சிவப்பு. அடுக்கடுக்காக மடிந்து, சில இடங்களில் செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பாறைகள். ஸ்பிதியில் லாங்சா கிராமத்துக்குப் பக்கத்தில், 4,400 மீட்டர் உயரத்தில், சுருள் சுருளான கடல் பிராணிகளின் புதைபடிவங்கள் கிடக்கின்றன. இந்தியத் தட்டு ஆசியாவின்மீது மோதுவதற்கு முன்பு இரண்டுக்கும் நடுவே டெத்திஸ் கடல் இருந்தது. மோதல் தொடங்கியது ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன். இதைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். கையில் நத்தை மாதிரி ஒரு கல்லை வைத்துக்கொண்டு, சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லாத மேட்டில் நிற்கும்போதுதான் அது உள்ளே இறங்குகிறது. பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள்.

கௌசானியில் மலையின் உருவம் தெரியும் என்றால் இங்கே மலை எதனால் ஆனது என்பது தெரியும். பிடிக்கிறவர்களுக்கு வேறெதுவும் பிடிக்காது. பிடிக்காதவர்கள் மூன்றாம் நாள் "என்ன இது, ஒரே மண்ணா இருக்கு" என்பார்கள். என் வீட்டிலேயே இரண்டு கட்சியும் உண்டு.

செலவைப் பற்றி ஒரு வரி. இங்கே பணத்தைத் தின்பது அறை அல்ல, வண்டி. தூரங்கள் பெரிது, பஸ் குறைவு. நான்கு பேர் சேர்ந்து போனால் கட்டுப்படியாகும்.

அப்புறம் உயரம். இதைச் சொல்லத்தான் எனக்குத் தகுதி அதிகம், பட்டவன் என்பதால். முதல் தடவை ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டிவிட்டு, அவர் போட்டுக்கொடுத்த திட்டத்தை அப்படியே நம்பினேன். மணாலியில் (2,050 மீ) ஒரு ராத்திரி, மறுநாள் ராத்திரி சார்ச்சுவில் கூடாரம் (ஏறத்தாழ 4,290 மீ), அதற்கு அடுத்த நாள் லே. பேப்பரில் அழகாக இருந்தது. சார்ச்சுவில் சாயங்காலம் ஐந்து மணிக்கே நெற்றிப் பொட்டில் யாரோ விரலை வைத்து அழுத்துகிற மாதிரி ஒரு வலி. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. படுத்தால் தூக்கம் வரும்போது மூச்சு நின்று, திடுக்கென்று எழுந்து உட்கார வேண்டியிருந்தது. கம்பளிக்குள் காதை வைத்தால் இதயம் அடிப்பது கேட்டது. விடிந்தபோது கூடாரத்துக்கு வெளியே எப்படிப்பட்ட மலை இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை. குனிந்து ஷூ லேஸ் கட்டியது மட்டும் நினைவிருக்கிறது. அதற்கே மூச்சு வாங்கியது.

காரணம் எளிது. மேலே போனால் காற்றில் ஆக்சிஜனின் பங்கு குறைவதில்லை, அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். லேயின் 3,500 மீட்டரில் அது கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு. லேக்குப் பக்கத்திலிருக்கும் கார்துங் லா கணவாயின் 5,359 மீட்டரில் பாதி. (அங்கே ரொம்ப நாள் நின்ற பலகையில் 18,380 அடி என்று எழுதியிருந்தார்கள், அதாவது 5,602 மீட்டர். அளந்து பார்த்தால் அவ்வளவு இல்லை. படம் எடுத்துக்கொள்வதை அது தடுக்கவில்லை.) உடம்பு இதற்குப் பழக நாள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கிற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்குமேல் கூட்டக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் அப்படியே தங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பகலில் எவ்வளவு ஏறுகிறோம் என்பதைவிட எங்கே படுக்கிறோம் என்பதுதான் முக்கியம். மணாலியிலிருந்து சார்ச்சு ஒரே நாளில் 2,200 மீட்டருக்கும் மேல். யாருடைய கணக்கிலும் அது வராது. தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சிரைப்பு என்று வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கிற வேலையே வேண்டாம், உடனே கீழே இறங்க வேண்டும். முன்னெச்சரிக்கை மாத்திரை உண்டு. புறப்படுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் கட்டாயமாக.

இந்தக் கண்ணோட்டத்தில் லடாக்கைவிட ஸ்பிதி பாதை எனக்கு உயர்வாகப் படுகிறது. சிம்லாவிலிருந்து கின்னோர் வழியாகப் போனால் சாலையே உங்களைப் பழக்கிக்கொண்டு போகும். கல்பாவில் (2,960 மீ) கின்னர் கைலாஷ் எதிரில் ஒரு ராத்திரி, தாபோவில் (3,280 மீ) ஒரு ராத்திரி. அங்கே பொது ஆண்டு 996இல் எழுப்பிய மண் மடாலயம், உள்ளே ஆயிரம் வருடத்து ஓவியங்கள். அதற்கப்புறம்தான் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசா. தேவதாரு காடு எப்படி மெல்ல மெல்லக் கரைந்து, கடைசி மரமும் போய், வெறும் பாறையாகிறது என்பதை ஜன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு போகலாம். அது வேறெந்தப் பாதையிலும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. ஆனால் எட்டு நாளில் முடியாது, டெல்லியிலிருந்து டெல்லி பத்து நாளாவது வேண்டும். மணாலி பக்கத்துக் குன்சும் கணவாய் (4,590 மீ) ஜூன் வாக்கில்தான் திறக்கும், பனி விழுந்ததும் மூடிவிடும்.

விமானத்தில் நேரே லே போகிறவர்களுக்கு ஒன்று. டெல்லியில் ஏறி ஒன்றரை மணி நேரத்தில் 3,500 மீட்டரில் இறங்குகிறீர்கள். முதல் இரண்டு நாள் எங்கேயும் போகாமல் அறையில் கிடக்க வேண்டும். ஐந்து நாள் லீவில் இரண்டு நாள் அப்படிப் போகும் என்று தெரிந்தே முடிவு செய்யுங்கள்.

நடந்து

நடப்பதைப் பற்றி மட்டும் எழுதினால் தனிப் புத்தகமாகிவிடும். முடிவெடுக்க வேண்டிய அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

காரில் போகிறவருக்கு மலை ஒரு காட்சி. நடக்கிறவருக்கு அது ஒரு வரிசை. ஓக் மரமும் ரோடோடென்ட்ரானும் கலந்த ஈரக் காட்டில் தொடங்குவீர்கள். மரப்பட்டையில் பாசி தாடிபோலத் தொங்கும். மேலே போகப் போக மரம் குட்டையாகும். வெள்ளைப் பட்டை காகிதம்போல உரியும் பூர்ஜ மரங்கள் வரும். பிறகு சட்டென்று மரமே இருக்காது, புக்யால் என்று அங்கே சொல்லும் புல்வெளி. அதற்கும் மேல் பனியாறு தள்ளிக்கொண்டு வந்து கொட்டிய கல் குவியல். மார்ச், ஏப்ரலில் போனால் ரோடோடென்ட்ரான், உத்தராகண்டில் புராஞ்ச், சரிவு முழுக்கச் சிவப்பாகப் பூத்திருக்கும்.

உத்தராகண்டில் சோப்தாவிலிருந்து துங்கநாத் வரை ஏறத்தாழ நான்கு கி.மீ. கல் பாவிய பாதை. ஐந்து கேதார் என்று சொல்லும் சிவன் கோயில்களில் மிக உயரத்தில் இருப்பது. அதற்கு மேல் சந்திரசிலா முகட்டில் நின்றால் சௌகம்பாவும் (7,138 மீ) நந்தா தேவியும். ஒரே நாளில் ஏறி இறங்கிவிடலாம். முழங்கால் நன்றாக உள்ள எவரும் மெதுவாகப் போனால் முடியும். காலையில் புல்வெளி ஓரமாக மோனால் என்ற பறவை மேயும். ஆண் பறவை சரிவிலிருந்து பறந்து இறங்கும்போது வெயிலில் நீலமும் செம்பும் பச்சையும் ஒரே நேரத்தில் மின்னும். சிகரம் மேகத்தில் மறைந்துபோன ஒரு நாளில் எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ட்ரெக்கிங் செய்து பழக்கமில்லாதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

அதே உத்தராகண்டின் பூக்களின் பள்ளத்தாக்குக்கு விளம்பரம் அதிகம். 1931இல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பும்போது ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேய மலையேறியின் குழு தற்செயலாக இறங்கிய இடம். ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். உள்ளே தங்க அனுமதியில்லை, காங்கரியாவில் தங்கி அன்றன்று போய்வர வேண்டும். பூ உச்சத்தில் இருப்பது ஜூலை, ஆகஸ்ட். அது மழைக்காலம். மலை தெரியாது, பூதான் தெரியும். போகிற சாலையில் மண்சரிவும் அந்த மாதங்களில்தான். பூவுக்காகப் போகிறேன் என்று தெளிவாக இருந்தால் அருமையான இடம். பனிமலை வரிசை பார்க்கப் போகிறேன் என்று போனால் ஏமாந்து வருவீர்கள்.

ஒரு வாரம் நடக்க முடியும் என்றால் அன்னபூர்ணா அடிவார முகாம் (4,130 மீ). மூங்கில் காடும் மழைக்காடும் நிறைந்த குறுகிய பள்ளத்தாக்கு வழியாகப் பல நாள் நடந்து, கடைசியில் கதவைத் திறந்த மாதிரி ஒரு வட்டத்துக்குள் நுழைவீர்கள். நாலா பக்கமும் சுவர். எவரெஸ்ட் முகாமில் கிடைக்காதது இங்கே கிடைக்கிறது, அன்னபூர்ணாவின் தெற்கு முகம் முழுசாக எதிரே. மார்ச் வாக்கில் கடைசிப் பகுதியில் பனிச்சரிவு ஆபத்து உண்டு, உள்ளூர் ஆட்கள் போகாதே என்றால் போகாதீர்கள். அவ்வளவு நாள் இல்லையென்றால் பூன் ஹில் (3,210 மீ), நான்கைந்து நாள். உல்லேரியில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கல் படிகள் இருக்கின்றன என்பதைப் படங்கள் சொல்லாது.

உங்களால் முடியுமா என்று பார்க்க 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பத்து கி.மீ., 900 மீட்டர் ஏற்றம் என்றால் மூன்றரை மணி. நமக்கு அதை ஒன்றரையால் பெருக்குங்கள். ஐந்தேகால் மணி நேரம் தொடர்ந்து நடப்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறதா, இல்லையா? அதுதான் பதில்.

இவை தவிர ரோப் காரும் விமானமும் உண்டு. குல்மர்க் கொண்டோலா கிட்டத்தட்ட 3,980 மீட்டர்வரை தூக்கிப்போகும், நல்ல நாளில் நங்கா பர்பத் தெரியும். காத்மாண்டுவிலிருந்து ஒரு மணி நேரம் சிகரங்களுக்குப் பக்கவாட்டில் பறக்கிற விமானங்கள் இருக்கின்றன. வயதானவர்களுக்கு நல்லதுதான். எனக்கு அது விருந்து வீட்டு வாசலில் நின்று வாசனை பிடித்துவிட்டுத் திரும்புவது மாதிரி.

மாதம்

இடத்தை முடிவு செய்துவிட்டு மாதத்தைத் தேடுவது தலைகீழ். மாதத்தை வைத்துத்தான் இடம்.

நம்மில் பாதிப் பேர் மே மாதம் போகிறோம், பிள்ளைகளுக்கு லீவு என்பதால். தள்ளி நின்று பார்க்கிற இடங்களுக்கு அதுதான் மோசமான மாதம். சமவெளியின் தூசி மேலேறும், குமாவோனின் பைன் காடுகளில் அந்தப் பருவத்தில்தான் தீ. ஐம்பது கிலோமீட்டர் புகைமூட்டத்துக்கு அப்பால் இருக்கிற திரிசூல் நான்கு நாளும் வரவே வராமல் போகலாம். மே மாதம்தான் முடியும் என்றால் மலைக்குக் கிட்டே போங்கள், தூரத்தைக் குறையுங்கள். சோப்தா, முன்சியாரி, கல்பா. முன்சியாரியில் பஞ்சசூலி அவ்வளவு பக்கத்தில் நிற்கும், மூட்டம் இருந்தாலும் முழுசாக மறைக்க முடியாது.

ஜூலை, ஆகஸ்ட் என்றால் மழை மறைவுப் பகுதி, அதாவது லடாக் அல்லது ஸ்பிதி. மற்ற இடங்களில் குடைதான். அங்கேயும் போகிற வழியில் மண்சரிவு உண்டு, இரண்டு நாள் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் கடைசி வரை மழை கழுவிவிட்ட வானம். எங்கே போனாலும் சரி. டிசம்பர், ஜனவரியிலும் குமாவோனில் வானம் தெளிவாகத்தான் இருக்கும், குளிர் தாங்கினால்.

எந்த மாதமானாலும் ஒரே இடத்தில் மூன்று விடியல் வையுங்கள். நான்கு ஊரில் நான்கு ராத்திரி என்று ஓடுகிறவர்கள், ஒவ்வொரு ஊரிலும் மேகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகும் வண்டியில் ஏறுகிறார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பியபின் அவன் இரண்டு நாள் பேசவில்லை. பிறகு, "அண்ணே, அப்ப லடாக் வேண்டாங்கறீங்க" என்றான். நீயும் மனைவியும் மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் ஒதுக்கினால் ஸ்பிதி போ, மாமியாரையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு எட்டு நாளில் என்றால் கௌசானி அல்லது போக்ரா என்றேன். மாமியாருக்கு எல்லை தாண்டுகிற அலைச்சல் வேண்டாம் என்று கௌசானிக்கு முடிவானது. நவம்பர் முதல் வாரம், காத்கோதாம் டிக்கெட் போட்டுவிட்டான். ஒரே விடுதியில் நான்கு ராத்திரி. சாலைப் பக்கம் பார்க்கிற அறையைத் தலையில் கட்டிவிடுவார்கள், ஜன்னல் வடக்கே பார்க்கிறதா என்று போனில் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொள் என்று சொல்லியிருக்கிறேன்.